வலைப்பூ வளர என்ன செய்யலாம்? ஓய்வு பெற்ற நண்பர்களுக்குச் சில குறிப்புகள்

சற்று நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரிய நண்பர்கள் பலர் இப்போது வலைப்பூ தொடங்கியிருக்கிறார்கள். மகிழ்ச்சி. நான்கைந்து மாதத்தில் எல்லோரிடமிருந்தும் ஒரே கேள்விதான் வருகிறது. "சார், இருபது பதிவு போட்டுட்டேன். பார்க்கிறவங்க எண்ணிக்கை ஏறவே மாட்டேங்குது. என்ன பண்றது?" தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே மொத்தமாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன். நான் கணினி படித்தவன் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் பாடம் நடத்தியவன். பன்னிரண்டு ஆண்டுகளாக வலைப்பூ எழுதுகிறேன். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முகநூலில் நம்மை வாசிப்பவர் நம்மைத் தெரிந்தவர். "சார் எழுதியிருக்காரே" என்று வாசிக்கிறார். வலைப்பூவுக்கு வருகிறவருக்கு நம்மைத் தெரியாது. அவருக்கு ஏதோ ஒரு சந்தேகம், ஏதோ ஒரு தேவை. அதைத் தேடுபொறியில் தட்டச்சு செய்கிறார், நம் பக்கம் கிடைக்கிறது, வருகிறார். முகநூல் பதிவு இரண்டு நாளில் கீழே போய்விடும். வலைப்பூப் பதிவு ஐந்து வருடம் கழித்தும் ஒருவருக்குக் கிடைக்கும். இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மற்றவை எல்லாம் இதிலிருந்து வருபவைதான்.

முதலாவது, எதை எழுதுவது என்பது. காலை வணக்கம், பொன்மொழி, செய்தித்தாளில் வந்த உடல்நலக் குறிப்பு இவை ஏற்கெனவே ஆயிரம் இடங்களில் இருக்கின்றன. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்டால் அரை நிமிடத்தில் எழுதியும் தந்துவிடும். ஆனால் உங்கள் வகுப்பறை அந்தக் கருவிக்குத் தெரியாது. நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் அரை பெரிதா, கால் பெரிதா என்று எழுத்தில் கேட்டால், 2ஐவிட 4 பெரியது என்பதால் கால்தான் பெரிது என்று எழுதும். தோசையை மடித்துக் காட்டினால் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்ளும். அந்த மடிப்பை எப்படிச் செய்வது, எந்த இடத்தில் பிள்ளை தடுமாறும், அப்போது என்ன கேட்பது என்பது உங்களுக்குத் தெரியும். அதை எழுதுங்கள்.

2007-08இல் செயல்வழிக் கற்றல் நம் தொடக்கப் பள்ளிகள் எங்கும் வந்தது நினைவிருக்கும். அட்டைகள், ஏணிப்படிகள், தரையில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள். அதைப் பற்றி ஆய்வறிக்கைகள் இருக்கின்றன. ஆனால் நாற்பது பிள்ளைகளோடு ஒரே ஆசிரியர் அந்த அட்டைகளை எப்படிச் சமாளித்தார், அட்டை கிழிந்தபோது என்ன செய்தார் என்பது நம் தலைக்குள்தான் இருக்கிறது. நாளை ஓர் இளம் ஆசிரியர் தேடினால் அது கிடைக்க வேண்டாமா?

இரண்டாவது, தலைப்பு. "நினைவலைகள் - 7" என்று யாரும் தேடமாட்டார்கள். என் வலைப்பூவில் இன்றுவரை அதிகம் பேர் வாசித்தது நான் உருகி உருகி எழுதிய எந்தக் கட்டுரையும் இல்லை. "ஓய்வு பெறும் முன் பணிப்பதிவேட்டில் சரிபார்க்க வேண்டியவை" என்ற சாதாரணப் பதிவுதான். பிறந்த தேதி, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, ஈட்டிய விடுப்புக் கணக்கு, தேர்வு நிலை ஆணை இவையெல்லாம் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் பதிவு. ஓய்வூதியக் கருத்துரு தயார் செய்யும் யாரோ ஒருவர் தினமும் அதைத் தேடுகிறார். தலைப்பு வைக்கும்போது, இதைத் தேவைப்படுகிறவர் என்ன சொல்லைத் தட்டச்சு செய்வார் என்று யோசியுங்கள். அந்தச் சொல் தலைப்பில் இருக்கட்டும். அழகான தலைப்பு வேண்டுமானால் அதை உள்ளே துணைத்தலைப்பாக வைத்துக்கொள்ளலாம்.

பிளாக்கரில் எழுதுகிறவர்களுக்கு இதோடு சேர்த்து ஒரு நுணுக்கம். தமிழில் மட்டும் தலைப்பு வைத்தால், பதிவின் முகவரியில் 'பிளாக் போஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஒரு எண்ணும்தான் வரும். வெளியிடும் முன், பக்கவாட்டில் நிரந்தர இணைப்பு என்ற இடத்தில், நீங்களே ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்கள் கொடுத்துவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் பழைய இணைப்பு வேலை செய்யாமல் போய்விடும்.

மூன்றாவது, எழுத்துரு. நம்மில் பலரிடம் பழைய வினாத்தாள்கள், பாடக்குறிப்புகள், ஆண்டுவிழா உரைகள் பாமினியிலோ வானவில்லிலோ இருக்கும். அப்படியே ஒட்டினால் புரியாத குறிகளாகத்தான் தெரியும். ஒருங்குறிக்கு மாற்றித்தரும் இலவச எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வரிவரியாகப் படித்துத் திருத்துங்கள். அதேபோல, எழுதியதைப் படமாக்கிப் போடாதீர்கள். பூப்போட்ட பின்னணியில் கவிதை அழகாகத்தான் இருக்கும். ஆனால் தேடுபவருக்கு அது கிடைப்பது அரிது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டவும் முடியாது. எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும்.

தட்டச்சு மெதுவாக இருக்கிறது என்பவர்கள் தமிழ் 99 விசைப்பலகையைப் பழகுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி உருவான முறை. உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப்பக்கம். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழுந்துவிடும். அறுபது வயதிலும் பழகலாம். தினம் அரை மணி நேரம் போதும். பேசித் தட்டச்சு செய்கிறவர்கள் வெளியிடும் முன் கட்டாயம் திருத்துங்கள். அந்த வசதி லகர ளகர ழகரங்களில் நம் மாணவர்களைவிட மோசமாகத் தடுமாறும் நாட்கள் உண்டு. ஆசிரியர் எழுத்தில் பிழை இருந்தால் வாசகர் மன்னிப்பதில்லை.

நான்காவது, பதிவின் அமைப்பு. வருகிறவர் பெரும்பாலும் கைபேசியில் வாசிக்கிறார். முதல் பத்தியிலேயே விஷயம் வந்துவிட வேண்டும். மூன்று நான்கு வரிக்கு ஒரு பத்தி. நீளமாகப் போனால் நடுவில் துணைத்தலைப்பு. கரும்பலகையில் எழுதுவதைப் போலத்தான், கடைசி வரிசைப் பையனுக்கும் தெரிய வேண்டும். படம் போட்டால் நீங்களே எடுத்த படமாக, அளவைக் குறைத்துப் போடுங்கள். கைபேசிப் படம் அப்படியே ஏற்றினால் கிராமத்தில் இணைப்பு மெதுவாக இருப்பவருக்குப் பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். உங்களிடம் படித்த பிள்ளைதான் என்றாலும் சரி.

ஐந்தாவது, ஒழுங்கு. முதல் வாரத்தில் ஐந்து பதிவு, பிறகு மூன்று மாதம் ஒன்றுமில்லை என்று இருந்தால் வலைப்பூ வளராது. வாரம் ஒன்று, குறிப்பிட்ட ஒரு நாளில். கையிருப்பில் இரண்டு பதிவுகள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரில் திருவிழா என்று எது வந்தாலும் பதிவு நிற்காது.

ஆறாவது, வாசகரைச் சேர்ப்பது. 2004இல் தமிழ்மணம் திரட்டி வந்தபோது, யார் புதிதாக எழுதினாலும் அந்த ஒரே பக்கத்தில் தெரிந்தது. இணைத்துவிட்டால் வாசகர் வந்துவிடுவார். அந்தக் காலம் போய்விட்டது. பலரும் நம்பியிருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. இனி வாசகரை நாம்தான் ஒவ்வொருவராகச் சேர்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் முழுக் கட்டுரையையும் அனுப்பாமல், இரண்டு வரியும் இணைப்பும் அனுப்புங்கள். பரப்புப் பட்டியல் வைத்தால் ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச்சேரும். அதனால் முதலில் எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். கேட்காதவருக்கு அனுப்பாதீர்கள். புதிய பதிவில் பழைய பதிவுக்கு இணைப்பு கொடுங்கள், பழையதிலிருந்து புதியதற்கும் கொடுங்கள். ஒன்றைப் படிக்க வந்தவர் மூன்றைப் படித்துவிட்டுப் போவார்.

ஏழாவது, பழைய பதிவுகளைப் பராமரிப்பது. இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. 2018-19இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதிய பாடநூல் வந்தது. அதற்கு முன் எழுதிய பாடக்குறிப்பில் பாட எண், பக்க எண் எல்லாம் மாறிப்போயிருக்கும். அரசாணை பற்றி எழுதியிருந்தால் அதைத் திருத்திய ஆணை வந்திருக்கும். மாதம் ஒரு பழைய பதிவைத் திறந்து திருத்துங்கள். மேலே "திருத்திய நாள்" என்று தேதி போடுங்கள். பணிப்பதிவேடு, ஓய்வூதியம் போன்றவற்றில் பழைய தகவலை நம்பி ஒருவர் நஷ்டப்பட்டுவிடக் கூடாது.

எட்டாவது, எண்ணிக்கை. காலையில் எழுந்ததும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். ரத்த அழுத்தம்தான் ஏறும். மாதம் ஒரு முறை கூகுள் சர்ச் கன்சோலைப் பாருங்கள், இலவசம்தான். எந்தச் சொல்லைத் தேடி உங்கள் பக்கத்துக்கு வந்தார்கள் என்று காட்டும். அந்தச் சொற்கள்தான் உங்கள் அடுத்த பதிவுகள். விளம்பர வருமானம் பற்றிக் கேட்கிறார்கள். கூகுளின் ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழ்ப் பக்கங்களுக்கும் உண்டு. கணக்கில் நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும். ஓய்வூதியம் வாங்குகிறோம், அதை நம்பி எழுத வேண்டாம். வந்தால் நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

இனி, நாம் பேசத் தயங்குகிற விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஒன்றியத்தில் ஒரு தமிழாசிரியர் இருந்தார். தன் ஊரில் ஒவ்வொரு வயலுக்கும் குட்டைக்கும் மக்கள் வைத்திருந்த பெயர்களை, அந்தப் பெயர் வந்த கதையோடு, எங்கள் கைபேசிக் குழுவில் எழுதிவந்தார். வாரம் ஒன்று, மூன்று வருடத்துக்கு மேல். வலைப்பூவில் போடுங்கள் என்று சொன்னபோதெல்லாம் "பார்க்கலாம் சார்" என்பார். 2021இல் கொரோனா இரண்டாவது அலையில் போய்விட்டார். ஆறு மாதம் கழித்து அவர் மகள் கேட்டார், "அப்பா எழுதினது யார்கிட்டயாவது இருக்கா சார்?" அவர் கைபேசி பழுதாகியிருந்தது. குழுவில் பலர் கைபேசி மாற்றியிருந்தார்கள், சிலர் இடம் போதவில்லை என்று அழித்திருந்தார்கள். எல்லோரும் தேடிச் சேர்த்ததில் பதினோரு பதிவுகள் கிடைத்தன. அந்த வயல்களில் பல இப்போது மனைகள். பெயர் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

வலைப்பூவில் போட்டுவிட்டால் மட்டும் என்றென்றும் இருந்துவிடும் என்று சொல்லமாட்டேன். லட்சக்கணக்கானோர் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009இல் மூடியது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்துகிறது. சொந்தப் பெயரில் இணைய முகவரி வாங்கினால் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். நமக்குப் பின் கட்ட ஆள் இல்லையென்றால் அந்த முகவரியை வேறு யாரும் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே வளர்ப்பதோடு பாதுகாப்பதும் நம் வேலை. செலவு இல்லை. பிளாக்கர் அமைப்புகளில் உள்ளடக்கத்தைக் காப்புப்படி எடுக்கும் வசதி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, பென் டிரைவில் ஒன்று, மகன் அல்லது மகளிடம் ஒன்று வையுங்கள். முக்கியமான பதிவுகளின் முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் கொடுத்தால் ஒரு நகல் அங்கே சேமிக்கப்படும். கூகுள் கணக்கில் செயலற்ற கணக்கு மேலாளர் என்று ஒன்று உண்டு. 3, 6, 12, 18 மாதம் என்று நீங்கள் குறிக்கும் காலம் கணக்கு அசையாமல் இருந்தால், நீங்கள் பெயர் கொடுத்தவருக்குத் தகவல் போகும். நீங்கள் அனுமதித்ததை அவர் எடுத்துக்கொள்ளலாம். உயில் எழுதுவதைப் போலத்தான். இதில் அபசகுனம் ஒன்றும் இல்லை. பணிப்பதிவேட்டில் வாரிசு நியமனம் எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள்தானே நாம்?

வலைப்பூ வளர்வது என்றால் எண் ஏறுவது என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கு வேறு. முகம் தெரியாத ஒருவர் தேவைப்பட்ட நேரத்தில் தேடினார், கிடைத்தது, வேலை முடிந்தது. அப்படி மாதம் பத்துப் பேர் என்றாலும் அது வளர்கிற வலைப்பூதான். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு மேல் நமக்கு எப்போது இருந்தார்கள்? அவர்களுக்காகத்தானே முப்பது வருடம் பேசினோம்.

ஆசிரியன் என்பதால் வீட்டுப்பாடம் கொடுக்காமல் முடிக்க மனம் வரவில்லை. இந்த வாரம் மூன்று வேலை. ஒன்று, உங்களுக்கு மட்டுமே நன்றாகத் தெரிந்த ஐந்து விஷயங்களை ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு, பழைய பதிவு ஒன்றின் தலைப்பைத் தேடுபவர் சொல்லில் மாற்றுங்கள். மூன்று, காப்புப்படி எடுத்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, இது என்ன என்று சொல்லிவையுங்கள்.

இன்னும் தொடங்காதவர்கள் அந்த ஐந்தில் முதலாவதை இந்த ஞாயிற்றுக்கிழமை எழுதிவிடுங்கள். தொழில்நுட்பத்தில் எங்கே சிக்கினாலும் உள்பெட்டியில் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அன்புடன்.