ஐந்து மலைகளும் ஒரு கொடிக்காலும்

அப்பா ஒரு தை மாதத்தில் இறந்தார். அதற்கு முந்தைய ஐப்பசியில்தான் அவரும் அம்மாவும் ஜேடர்பாளையத்தில் ராஜவாய்க்கால் பாசனத்தில் இருக்கும் எங்கள் முக்கால் ஏக்கரில் புதிதாக வெற்றிலைக் கொடி வைத்திருந்தார்கள். அகத்தி இடுப்பளவு வந்திருந்தது. "மூணு வருசத்துக்கு வெத்தல கிள்ளலாம். அப்பறம் பாத்துக்கலாம்" என்று அப்பா சொல்லியிருந்தாராம். மூன்று மாதம்கூட அவருக்கு வாய்க்கவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் அம்மாவைச் சென்னைக்கு அழைத்தேன். "கொடி கெடக்குது கண்ணு" என்றாள். ஆறு மாதம் கழித்து மறுபடி அழைத்தேன். அதே பதில். போன வருடம் வாய்க்கால் கரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு வந்திருக்கிறார். எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரியும். அதுவும் அம்மா சொல்லவில்லை, அவர்தான் போனில் சொன்னார். அம்மாவுக்கு வயது 74.

வேலூர் என்றால் எங்கள் பக்கத்தில் பரமத்தி வேலூர். வெற்றிலைக்குப் பேர்போன ஊர். நூறு வெற்றிலை ஒரு கவுளி, 104 கவுளி ஒரு சுமை. கட்டுப் போட்ட கையோடு அம்மா கவுளி எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்தது இரக்கமல்ல, கோபம். எங்களைவிட இந்தக் கொடி பெரிதாகப் போய்விட்டதா என்ற கோபம். அதை வாய்விட்டும் சொன்னேன். அம்மா பதில் பேசாமல் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சண்டைக்குப் பிறகுதான் அம்மாயி சொன்ன கதை ஞாபகம் வந்தது. அம்மாவைப் பெற்ற அம்மாயிக்குச் சேந்தமங்கலம். கொல்லிமலை அடிவாரம். மட்டக்குதிரை மேல் ஏறி மலைக்குப் போகும் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியைப் பற்றி அடிக்கடி சொல்லுவாள். "எங்கம்மா வயசு இருக்கும், குருத பூட்டுன குதிர மாதிரி நிக்காம போயிட்டே இருக்கும்" என்பாள். சின்ன வயதில் அதை ஏதோ பேய்க்கதை போலத்தான் கேட்டேன். பெரியவனாகி, டாக்டர் பால் பிராண்ட் எழுதியதையெல்லாம் படித்த பிறகுதான் அந்தப் பாட்டி யாரென்று தெரிந்தது. தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தலாம் என்று வேலூர் சி.எம்.சி.யில் செய்துகாட்டியவர் பால் பிராண்ட். (இந்த வேலூர் வடக்கே இருக்கும் வேலூர்.) அவர் 1914-ல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். குதிரைப் பாட்டி அவருடைய அம்மா, எவலின்.

எவலின் 1879-ல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஓவியம் படித்தவர். கணவர் ஜெஸ்ஸி பிராண்ட் கட்டட வேலை தெரிந்தவர், கொஞ்சம் மருத்துவமும் பயின்றவர். இருவரும் 1913-ல் திருமணமான கையோடு மலையேறினார்கள். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிறது. அன்று காட்டுத்தடம்தான். ஜெஸ்ஸி சமவெளியில் மரவீட்டைப் பாகம் பாகமாகச் செய்து, ஆள் தலையில் மேலே ஏற்றிப் பூட்டினார்.

ஊழியம் என்றால் பிரசங்கம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர்களுடைய நாள் புண் கழுவுவதிலும் பல் பிடுங்குவதிலும்தான் பெரும்பாலும் கழிந்திருக்கிறது. நரம்புச் சிலந்தி என்ற நோயை இப்போது யாருக்கும் தெரியாது. படிக்கிணற்றில் காலை நனைத்துத் தண்ணீர் மொள்ளும் ஊர்களில் அது பரவும். தண்ணீரோடு உள்ளே போன புழு, ஒரு வருடம் கழித்து ஒரு மீட்டர் நீளத்துக்கு வளர்ந்து, காலில் கொப்புளம் கிளப்பி வெளியே தலைநீட்டும். வெடுக்கென்று இழுத்தால் உள்ளே அறுந்து சீழ் பிடிக்கும். குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சமாக, நாள்கணக்கில் இழுக்க வேண்டும். ஜெஸ்ஸி அப்படித்தான் ஒவ்வொரு காலாக இழுத்தார். கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பச் சொன்னார். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்னார்கள். இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது 2000-ல்.

இத்தனைக்கும் அவர்கள் வந்த காரியம் நடக்கவில்லை. பல வருடம் ஒருவர்கூட அவர்கள் மதத்துக்கு வரவில்லை. மலையில் அறப்பளீஸ்வரரும் எட்டுக்கை அம்மனும் இருக்கும்போது இவர்கள் எதற்கு என்று பூசாரி எதிர்த்தார். முதல் உலகப்போர் முடிந்த சமயம் விஷக்காய்ச்சல் வந்து வீடுவீடாகச் சாவு விழுந்தபோது, கணவனும் மனைவியும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போனார்கள். எதிர்த்த பூசாரியே சாகும் தறுவாயில் தன் பெண்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். மதமாற்றம் பற்றி எனக்கு என் கருத்துகள் உண்டு. ஆனால் சாகப்போகிற ஒருவர் தன் குழந்தையை யாரிடம் கொடுப்பார் என்பது வேறு விஷயம்.

கொல்லிமலையோடு நிற்காமல் பச்சைமலை, கல்வராயன்மலை என ஐந்து மலைத்தொடர்களுக்கும் போக வேண்டும் என்பது இருவரும் சேர்ந்து போட்ட திட்டம். 1929 ஜூனில் ஜெஸ்ஸி மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். வயது 44. எவலினுக்கு ஐம்பது. 1947-ல் மிஷன், வயதாகிவிட்டது, ஓய்வு பெறுங்கள் என்றது. பெற்றார். பெற்றுவிட்டு ஊருக்குப் போகாமல், மட்டக்குதிரை ஒன்றை வாங்கிக்கொண்டு தானாகவே மலையேறிவிட்டார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இடுப்பெலும்பு முறிந்தது. இரவு முழுக்கத் தரையில் கிடந்திருக்கிறார். மகன் வந்து, போதும் வாங்கள் என்று கெஞ்சினார். கேட்கவில்லை. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு பிறகும் ஏறக்குறைய இருபது வருடம் மலைமலையாகப் போனார். ஐந்து மலையும் முடிந்தது. 1974 டிசம்பரில் 95 வயதில் இறந்தார். கணவருக்குப் பக்கத்தில் வாழவந்தியில் புதைத்தார்கள்.

போன புரட்டாசியில் அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். உள்நோக்கத்தோடுதான். போகிற வழியில் காரில் நிதானமாகப் பேசிச் சம்மதிக்க வைத்துவிடலாம் என்பது கணக்கு. நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி என்று வண்டி போக, கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். எழுபது வளைவிலும் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

கல்லறைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றாள். சற்று நேரம் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்.

"அவரு போனதுக்கப்பறம் நாப்பத்தஞ்சு வருசமா?"

"ஆமா."

"புள்ளைங்க?"

சொன்னேன். பாலுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, 1923-ல், படிப்புக்காக அவரையும் தங்கையையும் லண்டனில் அத்தைமார்களிடம் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அதற்குப்பின் பால் அப்பாவைப் பார்க்கவே இல்லை. அப்பா இறந்துவிட்டார் என்று தந்தி முதலில் வந்துவிட்டது. அவர் முன்பே எழுதி அனுப்பியிருந்த கடிதங்கள் கப்பலில் அதற்குப் பின்னும் வந்துகொண்டிருந்தன.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அது தப்பு சாமி. அந்த வயசுப் புள்ளைய உட்டுப்போட்டு வர்றது எனக்கு ஆகாது. எத்தன புண்ணியம் செஞ்சாலும் அது தப்புத்தான்" என்றாள்.

இதுதான் சமயம் என்று நான் வாயெடுத்தேன். "அதத்தான் நானும் சொல்றேன். புள்ளைங்க ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்..."

அம்மா திரும்பிப் பார்த்தாள். "நீ என்ன ஒம்பது வயசுப் பையனா? உனக்கு நாப்பத்தெட்டு ஆச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் சேந்து வெச்சது கண்ணு. ஒருத்தரு பாதியில போயிட்டா மத்தவங்க முடிக்கோணுமில்ல? அந்தம்மாளுக்கு அஞ்சு மலை. எனக்கு முக்கா ஏக்கரா. இன்னும் ஒரு வருசம். அதுக்கப்பறம் கூப்புடு, வர்றேனா இல்லையான்னு அப்பப் பேசிக்கலாம்."

திரும்பும்போது பேச்சு பேரமாக மாறியது. இரவில் துணைக்குப் படுக்க ஒரு அம்மாள் வருவார். வாய்க்காலில் இறங்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளக் குழாய் பதிக்கப்படும். விழுந்தால் அன்றே எனக்குச் சொல்ல வேண்டும். இவ்வளவும் அம்மா ஒத்துக்கொண்டது. என் பங்குக்கு, மாதம் ஒரு சனிக்கிழமை வந்து கொடி கட்ட வேண்டும்.

மூன்று மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். கொடியை அகத்தியோடு சேர்த்துச் சம்பு நாரில் கட்டுவது பார்ப்பதற்குத்தான் சுலபம். இறுக்கினால் கணு நசுங்கும், தளர்த்தினால் சரியும். நான் கட்டியதில் பாதியை அம்மா அவிழ்த்துத் திரும்பக் கட்டுகிறாள். மழை பெய்து ஓய்ந்த காலையில் கொடிக்காலுக்கு வெளியே வந்து நின்றால், கிழக்கே கொல்லிமலை மெல்லிய நீலக் கோடாகத் தெரியும். இத்தனை வருடம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததாகவே ஞாபகமில்லை.

இன்னும் ஒரு வருடம் என்று அம்மா சொன்னதை நான் நம்பவில்லை. எவலினும் மிஷனிடம் கடைசியாக ஒரு வருடம் என்றுதான் கேட்டாராம். இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

நேற்று இரவு போன் செய்தபோது, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்பதற்கு முன், வேலூர் ஏலத்தில் சுமை என்ன விலைக்குப் போச்சு என்று கேட்டேன். அம்மா கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, விலையைச் சொன்னாள்.