31-வது ரெபரன்ஸ்

ஆராய்ச்சி மாணவன் என்றால் எந்நேரமும் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம் முழுக்க நான் செய்த ஆராய்ச்சி என்ன தெரியுமா? ஆசிரியர் பெயருக்குப் பின்னால் வருவது கமாவா, புள்ளியா என்பதுதான். :-)

கதை இதுதான். உவர் நிலத்தில் நெல் வேரை ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதி ஒரு ஜர்னலுக்கு அனுப்பினோம். ஐந்தே நாளில், 'எங்கள் ஜர்னலுக்குப் பொருந்தாது' என்று திரும்பி வந்துவிட்டது. "விடுப்பா, அடுத்ததுக்கு அனுப்பிடலாம். ரெபரன்ஸ் ஃபார்மேட்டை மட்டும் மாத்திடு" என்றார் கைடு. அந்த 'மட்டும்' என்ற வார்த்தைக்குள் எத்தனை ராத்திரி ஒளிந்திருக்கிறது என்பது மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும்.

முதல் ஜர்னல் கேட்டது எண் முறை. கட்டுரைக்குள் 1, 2, 3 என்று போட்டுக்கொண்டே போய், கடைசியில் அதே வரிசையில் பட்டியல் கொடுக்க வேண்டும். 1978-ல் கனடாவின் வான்கூவரில் சில மருத்துவ ஜர்னல் ஆசிரியர்கள் கூடி, ஆளுக்கொரு விதமாகக் கேட்டு எழுதுகிறவர்களைப் படுத்த வேண்டாம் என்று பொது விதி வகுக்க ஆரம்பித்தார்கள். அதனால் வான்கூவர் முறை என்று பெயர்.

இரண்டாவது ஜர்னல் கேட்டது பெயர்-ஆண்டு முறை. வாக்கியத்திலேயே அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் வரும், பட்டியல் அகர வரிசையில் இருக்கும். இதற்கு ஹார்வர்டு முறை என்று பெயர். அங்கே இருந்த எட்வர்ட் லாரன்ஸ் மார்க் என்ற விலங்கியலாளர் 1881-ல் ஓடில்லாத நத்தை பற்றி எழுதிய கட்டுரையில் இதைத் தொடங்கிவைத்ததாகச் சொல்கிறார்கள். நத்தை வேகத்தில்தான் இந்த வேலை நடக்கும் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது!

"ஜோட்டெரோ, மெண்டலே எல்லாம் இருக்கே, ஒரு பட்டனைத் தட்டினா மாறிடுமே" என்பீர்கள். மாறும். ஆனால் உள்ளே என்ன போட்டோமோ அதுதான் வெளியே வரும். என் பட்டியலில் ஒரே ஜர்னல் மூன்று அவதாரம் எடுத்திருந்தது: முழுப் பெயர், சுருக்கம், புள்ளி வைத்த சுருக்கம். சில தலைப்புகள் முழுக்க பெரிய எழுத்தில் கத்திக்கொண்டிருந்தன. பாக்டீரியா பெயர்களின் சாய்வெழுத்தைக் காணவில்லை. நாலைந்தில் பக்க எண்ணே இல்லை. பிப்டெக் பயன்படுத்தும் பக்கத்து சீட்டு நண்பனுக்கு வேறு தலைவலி. நெளிவு அடைப்புக்குறி போட மறந்தால் டிஎன்ஏ கூடச் சின்ன எழுத்தில் வந்து நிற்கும்.

அப்புறம் நம் ஊர்ப் பெயர்கள். மென்பொருளுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். நமக்கு அது கிடையாது. ஒரு பேச்சுக்கு, சுந்தரம் மகன் குமரன் என்று வைத்துக்கொள்வோம். பிறந்ததிலிருந்து அவர் எஸ்.குமரன். பாஸ்போர்ட் எடுக்கும்போது 'குமரன் சுந்தரம்' ஆவார். அப்படியே கட்டுரையிலும் போட்டால், உலகம் அவரை 'சுந்தரம், கே.' என்று மேற்கோள் காட்டும். ஆராய்ச்சி செய்தது மகன், பேர் வாங்கினது அப்பா. எங்கள் கைடே என் பட்டியலில் இரண்டு ஆளாக இருந்தார், அகர வரிசையில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. இந்தக் குழப்பத்துக்காகத்தான் 2012-லிருந்து ஆர்கிட் என்று 16 இலக்க அடையாள எண் கொடுக்கிறார்கள். இன்னும் வாங்காதவர்கள் வாங்கிவிடுங்கள், இலவசம்தான்.

இதுவரை சொன்னது சிரிப்பு. இனிமேல் சொல்வதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கிய விஷயம்.

கட்டுரையின் கடைசிப் பகுதியில் இப்படி ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: 'இவ்வகை பாக்டீரியாக்கள் உவர் நிலத்தில் நெல் விளைச்சலைக் கூட்டுவதாகச் சமீபத்திய ஆய்வுகள் காட்டுகின்றன (31).' எண் முறையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெயர்-ஆண்டு முறைக்கு மாற்றியதும் 31 மறைந்து, அந்த இடத்தில் ஒரு பெயரும் 1996-ம் வந்து உட்கார்ந்தது. சமீபத்திய ஆய்வாம், 1996-ஆம்!

அப்போதுதான் உறைத்தது, அந்தக் கட்டுரையை நான் படித்ததே இல்லை. ஒரு ரிவ்யூ கட்டுரையின் பட்டியலிலிருந்து அப்படியே தூக்கிப் போட்டிருந்தேன். சரி, இப்போதாவது பார்ப்போம் என்று தேடினால், நான் கொடுத்திருந்த பக்கத்தில் வேறு யாரோ எழுதிய வேறு கட்டுரை இருந்தது. ரிவ்யூவைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் அதே தப்பான பக்க எண். ஒரு வழியாக மூலத்தைப் பிடித்துப் படித்தால்... அது கோதுமை. அதுவும் வயலில் இல்லை, பெட்ரி தட்டில் முளைக்க வைத்த நாற்று. நெல்லும் இல்லை, விளைச்சலும் இல்லை. என் முடிவுரை முழுக்க அந்த வாக்கியத்தின் தோளில்தான் உட்கார்ந்திருந்தது.

இந்த வியாதி எனக்கு மட்டும் வந்ததில்லை. சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் 2003-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சுமார் 4,300 முறை மேற்கோள் காட்டப்பட்ட ஒரு கட்டுரையை எடுத்து, அந்த மேற்கோள்களில் உள்ள பிழைகளை எண்ணினார்கள். மொத்தம் 196 பிழை. ஆனால் தனித்தனியான பிழைகள் 45 மட்டுமே. ஒரே தப்பு 78 முறை வந்திருந்தது. 78 பேருக்குத் தனித்தனியாக அதே இடத்தில் கை தவற வாய்ப்பே இல்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள், பரீட்சை ஹாலில் பிட் அடிப்பதைப் போல. மேற்கோள் காட்டுகிறவர்களில் மூலத்தைப் படித்தவர்கள் 20 சதவீதம்தான் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

இதைவிடக் கூத்து ஒன்று உண்டு. எல்செவியர் ஜர்னல்களின் எழுத்தாளர் வழிகாட்டியில், ரெபரன்ஸ் எப்படி எழுதுவது என்று காட்ட வான் டெர் கீர் முதலானோர் 2000-ல் எழுதியதாக ஒரு மாதிரி கொடுத்திருந்தார்கள். அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. 2017-ல் ஆன்-வில் ஹார்சிங் இதைப் பற்றி எழுதியபோது, இல்லாத அந்தக் கட்டுரை ஏறத்தாழ 400 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. மாதிரியை அழிக்க மறந்தவர்கள் பாதி, உண்மை என்று நம்பியவர்கள் பாதி போலிருக்கிறது. இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது. கேட்டால் ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் கச்சிதமாகப் போட்டு, பிறக்காத கட்டுரைக்கு ஜாதகம் எழுதிக் கொடுக்கிறது. ஃபார்மேட் சரியாக இருப்பதால் விஷயமும் சரியாக இருக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

மறுநாள் கைடிடம் போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நானும்தானேப்பா படிச்சுப் பார்த்து கையெழுத்துப் போட்டேன்" என்றார். அது திட்டைவிட அதிகமாக வலித்தது. முடிவுரையை உடைத்து, 'விளைச்சலைக் கூட்டும்' என்றிருந்ததை 'வேர் வளர்ச்சிக்கு உதவக்கூடும். வயலில் சோதித்துப் பார்க்க வேண்டும்' என்று அடக்கமாக எழுதினோம். முன்பிருந்த கம்பீரம் போய்விட்டது. ஆனால் யாராவது அதை நம்பி ஒரு விவசாயியிடம் போய் நின்றால் நான் தலைகுனிய வேண்டியதில்லை.

அன்றிலிருந்து எனக்கு நானே மூன்று விதி வைத்திருக்கிறேன். மூலத்தைத் திறக்காமல் பட்டியலில் சேர்ப்பதில்லை. சேர்க்கும்போதே டிஓஐ எண்ணைப் போட்டு, சொடுக்கினால் சரியான கட்டுரைக்குப் போகிறதா என்று பார்ப்பது. அந்தக் கட்டுரையில் எந்தப் பத்தி, எந்தப் படம் என் வாக்கியத்துக்கு ஆதாரம் என்று பக்கத்திலேயே ஒரு வரி குறித்து வைப்பது. முதலிலேயே செய்தால் ஒரு ரெபரன்ஸுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.

கட்டுரை இப்போது இரண்டாவது ஜர்னலில் பரிசீலனையில் இருக்கிறது. அங்கேயும் திருப்பி அனுப்பினால் மூன்றாவது ஜர்னல். அவர்கள் எந்த ஃபார்மேட் கேட்பார்களோ, அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம். ஆனால் கமா, புள்ளியைத் தவிர வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்காது. முதல் ஜர்னல்காரர்கள் ஐந்து நாளில் துரத்திவிட்டார்களே, அவர்கள் மேல் இருந்த கோபம்கூட இப்போது இல்லை.

உங்கள் பட்டியலிலும் ஒரு 31 இருக்கும். ஒரு தடவை திறந்து பாருங்கள்.