இரைச்சலுக்கு அடியில்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டியதும் வரும் ஊர் திருமழிசை. வைணவர்களுக்கு இது திருமழிசையாழ்வாரின் அவதாரத் தலம். தொழில் செய்வோருக்குச் சிட்கோ தொழிற்பேட்டை. இங்கே குடியிருக்கும் எங்களுக்கோ இது ஓசைகளின் ஊர். லாரிகளின் ஏர்ஹாரனும் பட்டறைகளின் உலோகச் சத்தமும் மேலடுக்கு என்றால், பறவைகளும் தவளைகளும் அதன் அடியில் கிடக்கும் மெல்லிய அடுக்கு.

அந்த அடியடுக்கை நாங்கள் முழுமையாகக் கேட்டது 2020-இல். மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. சில நாட்களில் நெடுஞ்சாலை ஏறத்தாழ ஊமையாயிற்று. குயில் கூவும் பருவம் அது. ஒவ்வொரு கூவலும் முந்தையதைவிடச் சற்று உயர்ந்து, உச்சியில் சட்டென்று அறுந்துவிடும். கூவுவது கரிய ஆண்குயில். பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்ட பெண்குயிலுக்கு 'கிக் கிக்' என்னும் கரகரத்த குரல்தான். இனிய குரலுடைய பெண்களைக் குயில் என்று புகழும் நம் வழக்கத்தை எண்ணிச் சிரித்துக்கொண்டோம். இரவில் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து ஆள்காட்டிக் குருவி அலறும். ஏரி இத்தனை அருகில் இருக்கிறது என்பதைக் கண்ணைவிடக் காதே எங்களுக்கு நன்றாகச் சொல்லிற்று.

சத்தம் குறைந்தபோது பறவைகளும் மாறின என்பது பிறகு படித்தறிந்தது. சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஒருவகைச் சிட்டுகளின் பாடலை ஆராய்ந்தவர்கள், 2020-இல் 'சயன்ஸ்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். போக்குவரத்து ஓய்ந்தபோது அப்பறவைகள் முன்னைவிட மெதுவாகப் பாடின; ஆயினும் அவற்றின் பாடல் அதிகத் தொலைவுக்குக் கேட்டது. அதுவரை அவை நம் இரைச்சலை மீறுவதற்காகக் கத்திக்கொண்டிருந்தன என்பதே இதன் பொருள்.

எங்கள் ஊரின் அமைதி நெடுநாள் நீடிக்கவில்லை. கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, அந்த மே மாதமே காய்கறி மொத்த வியாபாரம் தற்காலிகமாகத் திருமழிசைக்கு வந்தது. இரவெல்லாம் லாரிகள், சுமைதூக்குவோரின் குரல்கள், மழை பெய்தால் சேறு. முதலில் மனம் சுணங்கியது உண்மை. ஆனால் ஒரு மாநகரமே உண்பதற்கான சத்தம் அது. அதை வெறுக்க யாருக்கு உரிமை? விடிந்ததும், நசுங்கிக் கிடந்த தக்காளிகளைக் கொத்த மைனாக்களும் காகங்களும் வந்து கூட்டம் போட்டன. அவற்றுக்கு அது பெருவிழா. செப்டம்பர் இறுதியில் சந்தை கோயம்பேட்டுக்கே திரும்பியது.

இயற்கையை ரசிக்கக் காடு தேடிப் போகவேண்டும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. மா. கிருஷ்ணனை வாசித்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். காடுகளை நன்கறிந்த அவர், வீட்டருகே திரியும் காகத்தையும் அணிலையும் அதே அக்கறையோடு எழுதினார். தியடோர் பாஸ்கரன் தொகுத்த அவருடைய தமிழ்க் கட்டுரை நூலின் பெயரே 'மழைக்காலமும் குயிலோசையும்'. எங்கள் ஊர் ஆழ்வாரும் செவிக்கு நெருக்கமானவர். பிரம்புப் புதரடியில் விடப்பட்ட குழந்தையைப் பிரம்பறுக்கும் திருவாளன் எடுத்து வளர்த்தார் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. அக்குழந்தை வளர்ந்து பாடிய 120 பாடல்களுக்குச் சந்தமே பெயராயிற்று: திருச்சந்த விருத்தம்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு 78 வயது. முதுமையில் செவி முதலில் இழப்பது கீச்சொலிகளைத்தான் என்றார் மருத்துவர். சில்வண்டு அவருக்கு இப்போது கேட்பதில்லை. தேன்சிட்டு ஜன்னலருகே வந்தால் அலகு அசைவதை மட்டும் பார்க்கிறார். செம்போத்தின் அடித்தொண்டைக் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. "ஊப் ஊப்னு கூப்பிடுறான் பாருங்க" என்று எங்களை அழைத்துக் காட்டுவார்.

நெடுஞ்சாலை பழையபடி இரைகிறது. ஆயினும் விடிவதற்குச் சற்று முன், இரண்டு லாரிகளுக்கிடையே சில நொடிகள் இடைவெளி கிடைக்கும். அந்நேரத்தில் நாங்கள் பேசுவதில்லை. காதில் விழுந்தவற்றை அம்மாவிடம் பிறகு ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். சில்வண்டு உண்டா என்று அவர் கேட்கிறார். உண்டு என்கிறோம்.