உறவினரைக் காணச் சென்றோம்

சென்ற கோடை விடுமுறையில் எம் குடும்பத்தார் பதினொருவர் ஒரு மோட்டார் வண்டியை அமர்த்திக்கொண்டு, தூத்துக்குடியினின்றும் தெற்கே, உறவினரையும் பழைய நண்பரையும் காணப் புறப்பட்டோம். எண்பத்து நான்கு அகவை நிரம்பிய பாட்டனார் முதலாக, எம் தமக்கையாரின் கைக்குழந்தை ஈறாக, நான்கு தலைமுறையினர் அவ்வண்டியில் இருந்தனர். "கால் நடமாடும்போதே எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்" என்று பாட்டனார் பன்னாள் கூறிவந்தமையே இப்பயணத்திற்குக் காரணம்.

காணவேண்டிய வீடுகளை எம் அத்தையார் ஒரு தாளில் எழுதியிருந்தார். பழையகாயலில் ஒன்று, புன்னைக்காயலில் இரண்டு, காயல்பட்டினத்தில் ஒன்று, வீரபாண்டியன்பட்டினத்தில் இரண்டு. ஆக வீடுகள் ஆறு. பாட்டியாரோ மக்ரூன் பொட்டலங்கள் ஏழு வாங்கி வைத்திருந்தார். "ஒன்று மிகுதியாயிற்றே, பாட்டி" என்றோம். "இருக்கட்டும், ஐயா" என்பதன்றி அவர் வேறொன்றும் கூறவில்லை.

எமக்கும் தனியே ஒரு நோக்கம் இருந்தது. தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகலின், இவ்வாண்டு மலருக்குக் கொற்கையைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வரைய எண்ணிக் குறிப்பேடொன்றைக் கையிற் கொண்டிருந்தோம்.

பனிமய மாதா ஆலயத்திற் காலைப் பூசை கண்டு புறப்பட்டோம். நகர் கடந்ததும் இருமருங்கும் உப்பளங்கள் வெயிலில் வெள்ளென விளங்கின. பாட்டனார் கடலிருக்கும் திசையை நோக்கியவராய்த் தம் இளமையைச் சொல்லத் தொடங்கினார். அவர் முத்துக் குளித்தவர். 1961-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் நிகழ்ந்த சலாபத்தோடு அத்தொழில் முடிவுற்றது. பின்னர்ப் பார்களிற் சிப்பி விளைவு குன்றிவிட, குளியாளர் பலர் சங்கு குளிக்கச் சென்றனர்.

"கல் கட்டிய கயிற்றிற் காலை ஊன்றி இறங்குவோம். எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழம் இருக்கும். மூச்சு நிற்குமளவும் சிப்பியை வாரிப் பையிலிட்டு, மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்போம். வள்ளத்தில் இருப்பவன் அந்தக் கணமே இழுக்க வேண்டும், தாமதித்தால் உயிர் போய்விடும்" என்றார். ஆதலின் அக்கயிற்றை மைத்துனர் கையிற் கொடுப்பதே எங்கள் கரையில் வழக்கமாம். உடன்பிறந்தாள் தாலியை எண்ணுபவன் கயிற்றை நழுவவிடான் என்பது கருத்து.

"உங்களுக்குக் கயிறு பிடித்தவர் யார், தாத்தா?" என்று வினவினோம். வண்டியில் ஒருவரும் பேசவில்லை. எம் தந்தையார் சாளரத்தின் புறத்தே நோக்கினார். பின்னர் அத்தையார் எம் செவியில் மெல்லக் கூறினார்: கயிறு பிடித்தவர் பாட்டியாரின் தமையனார், மணப்பாட்டில் வாழ்பவர். இருவரும் கூட்டாக வாங்கிய வள்ளத்தை விற்றபோது பங்கு குறித்து ஒரு சொல் தடித்தது. முப்பது ஆண்டுகளாக இரு வீட்டாரிடையேயும் போக்குவரவு இல்லை. மணவீடுகளிலும் துக்க வீடுகளிலும் தொலைவிற் கண்டதன்றி, பாட்டியார் தம் அண்ணனோடு பேசியதில்லை.

பழையகாயலில் சிற்றுண்டி முடித்து, ஆத்தூரில் தாமிரபரணியைக் கடந்து, அவ்வாறு கடலொடு கலக்கும் புன்னைக்காயலை அடைந்தோம். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழில் ஆக்கிய அண்ட்ரிக் அடிகளார் பணியாற்றிய ஊர் அது. யாம் அவ்வூர் முதியோரிடம் அவரைப் பற்றி வினவி, விடைகளை விரைந்து எழுதிக்கொண்டிருந்தோம். அவ்வேளையில் பாட்டனார் தம் நண்பரின் வீட்டினுள் நுழைந்தார். சுவரில் மாலையிட்ட படம் தொங்கிற்று. நண்பர் சென்ற தவக்காலத்தில் இறந்துபட்டார்; செய்தி எமக்கு எட்டவில்லை. 1961-இல் அவரும் பாட்டனாரும் ஒரே வள்ளத்திற் சென்றவர்கள். பாட்டனார் நெடுநேரம் அப்படத்தின்முன் நின்றார் என்று தமக்கையார் பின்னர்க் கூறக் கேட்டோம். அப்போது அவர் அருகில் நில்லாது குறிப்பேடும் கையுமாக நின்றமையை நாணத்தோடு எழுதுகின்றோம்.

காயல்பட்டினத்து நண்பர் வீட்டில் விருந்து சிறந்திருந்தது. பாட்டனார் மட்டும் மிகுதியாய் உண்ணவில்லை. வீரபாண்டியன்பட்டினத்தில் கடைசி வீட்டைக் கண்டு வெளிவந்தபோது மணி நான்கு. ஓட்டுநர் வண்டியை வடக்கே திருப்பினார்.

"மணப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் பாட்டனார்.

"அரை மணி நேரம் ஆகும், ஐயா."

"அங்கே விடும்."

பாட்டியார் ஒன்றும் சொல்லாமல் ஏழாவது பொட்டலத்தை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார்.

திருச்செந்தூரைத் தாண்டி, 2024-இல் விண்கல ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்ற குலசேகரன்பட்டினத்தைக் கடந்தோம். மணப்பாட்டு மணற்குன்றும் அதன்மேல் நிற்கும் திருச்சிலுவை ஆலயமும் தோன்றின. தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டோம். திண்ணையில் ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். கண்ணொளி மங்கிய அவர், "யாரது?" என்றார். விடை கூற ஒருவருக்கும் நா எழவில்லை. பாட்டனார் கோலூன்றிச் சென்று அவரருகே அமர்ந்து, அவர் கையைப் பற்றி, கயிற்றை அசைப்பார்போல் இருமுறை அசைத்தார்.

முதியவர் சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்பு, "மச்சான், நீரா? இவ்வளவு நேரமா அடியிலேயே கிடந்தீர்?" என்றார்.

"கயிறு உம் கையில்தான் இருந்தது. நான்தான் அசைக்காமல் இருந்துவிட்டேன்" என்றார் பாட்டனார்.

பாட்டியார் அண்ணனின் காலடியில் அமர்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, ஒரு மக்ரூனை அவர் கையில் வைத்தார். வள்ளத்தின் பங்கைப் பற்றி அன்று ஒருவரும் பேசவில்லை. எம்மை ஒவ்வொருவராக அழைத்து, முகத்தைத் தடவி, இன்னார் மகன், இன்னார் மகள் என்று கேட்டறிந்தார் அம்முதியவர். இரவு பத்து மணிக்கு மேல்தான் விடைபெற்றோம்.

கொற்கை இன்று கடலினின்றும் பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கின்றது. ஆற்று மண் சிறிது சிறிதாகப் படிந்தமையால் கடல் அவ்வூரை விட்டு விலகியது என்று நூல்களிற் படித்திருக்கின்றோம். ஒரே நாளில் நிகழ்ந்ததாயின் ஊரார் அஞ்சித் தடுக்க முயன்றிருப்பர். எம் வீட்டிலும் முப்பது ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. யாரும் அதனை அழிவென்று எண்ணவில்லை.

கொற்கைக் கட்டுரையை அடுத்த ஆண்டிற்கு வைத்துள்ளோம். குறிப்பேடுகள் காத்திருக்கும், முதியோர் காத்திருப்பர் என்பது உறுதியன்று. இம்மலரைப் படிக்கும் நண்பர்களும் தத்தம் வீட்டுத் தாளில் விடுபட்ட பெயர் உண்டா என்று இவ்விடுமுறையில் ஒருமுறை பார்ப்பாராக.