சிப்பும் சுருதியும்

மோட்டார் வண்டி வைத்திருப்போருள் இரு சாரார் உளர். வீட்டிலிருந்து கந்தோருக்கும் கந்தோரிலிருந்து வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாற் போதும் என்றிருப்போர் ஒரு சாரார். தொழிற்சாலை தந்த வலு போதாதென்று அதனை இன்னுஞ் சற்றுக் கூட்ட வழிதேடி அலைவோர் மற்றைச் சாரார். இப்பின்னவரிடையே தீராத வழக்கொன்று உண்டு. கடையிலே ஆயத்தமாக விற்கும் 'சிப்' ஒன்றை வாங்கி எந்திரத்திற் பொருத்துவதா, அன்றி அந்த ஒரு வண்டியை மட்டும் நிறுத்தி அளந்து அதற்கென்றே கணக்கெழுதும் கைகாரர் ஒருவரிடம் ஒப்படைப்பதா என்பதே அவ்வழக்கு. நாம் கல்லூரியிற் பௌதிகம் கற்பிப்பவர். பந்தய வண்டி ஓட்டுபவரல்லோம். எனினும், பௌதிகம் கற்பித்த பாவத்தால் இவ்வழக்கில் நாமும் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது.

முதலிற் சொல்லைப்பற்றி ஒரு சொல். பாடநூல்களிலே சிப் என்பதனைச் 'சில்லு' என்று எழுதுகின்றனர். தமிழகத்தார்க்கு அது பொருந்தலாம். யாழ்ப்பாணத்திலோ சில்லென்றால் வண்டிச் சக்கரம். "வண்டிக்குப் புதுச் சில்லு போட்டேன்" என்று ஒருவர் சொன்னால், நான்கும் மாற்றினீரா என்றுதான் நாம் கேட்போம். ஆதலின் இக்கட்டுரையிற் சிப் சிப்பாகவே இருக்கட்டும்.

எம்மிடம் கற்ற மாணாக்கன் ஒருவன் இப்போது இரும்புக்கடை நடத்துகிறான். தந்தை இல்லை, தாயும் அவனுமே. பதினொரு ஆண்டு சேமித்த பணத்தில் 1995 ஆம் ஆண்டு யப்பானிற் செய்த மிட்சுபிசி லான்சர் எவலூஷன் வண்டியொன்றை வாங்கினான். மூன்றாவது எவலூஷன் என்பர். இரண்டு லீற்றர் எந்திரம், டேர்போ பூட்டியது, தொழிற்சாலைக் கணக்குப்படி 270 குதிரைவலு. நுவரெலியா மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியில் அதனை ஒருமுறையேனும் ஓட்டவேண்டுமென்பது அவனது ஆசை. சிப்பின் விலை அவனது கடையின் ஒரு மாத இலாபம். கொழும்பிலே அளந்தெழுதுவிக்கும் செலவோ அதன் ஆறு மடங்கு. "எதைச் செய்ய, சேர்?" என்று கேட்டு வந்தான். அவன் போன மறுநாளே தாயார் வந்தார். "மாஸ்டர், நீங்கள் சொன்னாக் கேப்பான். உந்த எண்ணத்தை விடச் சொல்லுங்கோ" என்றார்.

விளையாட்டான கேள்வியாக இஃது எமக்குத் தோன்றவில்லை. 2020 மார்ச்சு முதல் 2025 பெப்ரவரி வரை இந்நாட்டிற்குத் தனியார் கார்களை இறக்குமதி செய்தல் நிறுத்தப்பட்டிருந்தது. பழைய வண்டிகளெல்லாம் அக்காலத்திற் பொன்விலை பெற்றன. முப்பது ஆண்டு கடந்த எந்திரமொன்று உடைந்தால் அதற்கீடாக இன்னொன்று தேடிப் பிடிப்பது எளிதன்று. பதினொரு ஆண்டுச் சேமிப்பு அந்த நான்கு பிஸ்டன்களின் மேலேயே நிற்கின்றது.

எந்திரத்தின் மூளை எனப்படும் பெட்டியினுள் இருப்பது மந்திரமன்று, பெரும்பாலும் வாய்பாடு. ஒருபுறம் எந்திரத்தின் சுற்று வேகம், மறுபுறம் உள்ளிழுக்கும் காற்றின் அளவு. இரண்டும் சந்திக்கும் கட்டத்திலே எவ்வளவு பெற்றோல் தெளிப்பது, எப்போது பொறி விடுவது என்ற எண்கள். இவ்விரு வேலைகளையும் ஒரே மின்னணுப் பெட்டியில் அடக்கிய போஷ் கம்பனியின் 'மோட்ரோனிக்' முறை 1979 இல் பிஎம்டபிள்யூ வண்டியொன்றில் வந்தது. அதன்பின் வந்த கார்கள் பலவற்றிலே வாய்பாடு எழுதிய சிப்பைக் கழற்றி வேறொன்றை இடலாம். பிற்காலக் கார்களிற் கழற்றவும் வேண்டியதில்லை, கம்பி கோத்துக் கணனியாலேயே மாற்றி எழுதலாம். பெயர் மட்டும் சிப் என்றே நிலைத்துவிட்டது.

இவ்வெண்களுட் பொறி விடும் நேரமே மிக நுண்ணியது. எந்திரம் நிமிடத்திற்கு 6,000 முறை சுற்றும்போது செக்கனுக்கு 100 சுற்று; ஒரு பாகை திரும்ப எடுக்கும் காலம் ஒரு செக்கனில் 36,000 இல் ஒரு பங்கு. பிஸ்டன் மேல்முனையை அடையுமுன்னரே, இத்தனை பாகை முந்திப் பொறி விட வேண்டும். சற்றே முந்தினால் வலு கூடும். அதற்கும் மேலே முந்தினால், தீ இன்னும் எட்டாத மூலையிலுள்ள பெற்றோலும் காற்றும் அமுக்கமும் வெப்பமுந் தாங்காமல் தாமாகவே வெடிக்கும். இதனை மெக்கானிக்குகள் 'நொக்கிங்' என்பர். தகரப் பேணியிற் கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல ஓசை கேட்கும். டேர்போ எந்திரத்தில் அந்த ஓசை சிறிது நேரம் நீடித்தாற் பிஸ்டன் உடையும்; சிலபோது உருகும்.

இதனை அறிந்தே வண்டி செய்தோர் அந்த எல்லைக்குச் சற்று இப்பால் நின்றுகொள்கின்றனர். கூடாத பெற்றோல் அடிப்போர், எண்ணெய் மாற்ற மறப்போர், பாலைவனத்தில் ஓட்டுவோர் எல்லாருக்கும் சேர்த்தே அவர் கணக்கெழுதவேண்டும். ஆயத்தச் சிப் எழுதுவோர் அந்த இடைவெளியிலிருந்து ஒரு பங்கை எடுத்து வலுவாக மாற்றி விற்கின்றனர். அதிற் பிழையில்லை. எடுக்கும் பங்கு எவருடைய வண்டியில், எந்தப் பெற்றோலில் அளந்தது என்பதுதான் கேள்வி.

எம் மாணாக்கன் வாங்க எண்ணிய சிப் யப்பானில் எழுதியது. அந்நாட்டிலே இரண்டு தரப் பெற்றோல் விற்கின்றனர். உயர்தரத்திற்கு ஒக்டேன் எண் 96 இற்குக் குறையலாகாது என்பது அந்நாட்டு நியமம். விற்பனையாவது பெரும்பாலும் 100 அளவிலேயே இருக்கும். ஒக்டேன் என்பது தானே வெடியாமற் பொறுத்திருக்கும் திறனின் அளவு. எமது நிரப்பு நிலையங்களில் வழக்கமாகக் கிடைப்பன 92 உம் 95 உம். நூறு ஒக்டேனை நம்பி முன்தள்ளிய பொறியை 95 இலே விட்டால் என்னாகும் என்பதை உயர்தர மாணவர் எவரும் ஊகிக்கலாம். எந்திரத்தில் நொக்கிங்கைக் கேட்கும் உணரியொன்று உண்டு, அது பொறியைப் பின்னிழுத்துக் காக்கும் என்று அவன் வாதாடினான். உண்மை. ஆனால் அது பின்னிழுக்குந்தோறும் காசு கொடுத்து வாங்கிய வலு போய்விடுகின்றது. பிந்திவிட்டால் எந்திரமும் போகின்றது.

ஆயத்தச் சிப்பெல்லாம் ஏமாற்று என்று சொல்லோம். ஒன்றும் மாற்றாத புது டேர்போக் காருக்கு, பெயர்பெற்ற ஒருவர், பல வண்டிகளிற் சோதித்து, இன்ன ஒக்டேனுக்கு என்று குறித்து விற்பதை வாங்குவதில் நியாயமுண்டு. அங்கே ஆறு மடங்கு செலவழிப்பதுதான் வீண். டேர்போ இல்லாத எந்திரத்திற்கோ இரண்டுமே பெரும்பயன் தாரா. வளிமண்டலம் தள்ளுகின்ற காற்றுக்கு மேலே அதனால் இழுக்க முடியாது. இன்னொரு வகைச் சிப்பும் உண்டு. வலைக்கடைகளிலே மலிவாய் வருவது; பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு மின்தடை. உள்ளே வருங் காற்றுக் குளிர்ந்தது என்று மூளைக்குப் பொய்சொல்லிப் பெற்றோலைக் கூடத் தெளிக்கச் செய்வதே அதன் வேலை. எமது ஆய்வுகூடத்தில் அத்தகைய தடைகள் டப்பா நிறையக் கிடக்கின்றன. வேண்டுவோர் இலவசமாக எடுத்துச் செல்லலாம்.

தொழிற்சாலை எழுதியதே வேதம், அதிற் கைவைத்தல் பாவம் என்று சொல்லும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2015 இல் வொக்ஸ்வாகன் கம்பனி, புகைப் பரிசோதனை நடக்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாய் நடக்கும்படி தன் டீசற் கார்களின் பெட்டியில் எழுதியிருந்தமை வெளியாயிற்று. உலகெங்கும் 1 கோடியே 10 இலட்சம் வண்டிகள். வேதமெழுதியவரும் மனிதரே.

இவ்வழக்கைக் கேட்டபோதெல்லாம் எம் மனம் மண்ணெண்ணெய்க் காலத்திற்கே சென்றது. 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வருவது தடுக்கப்பட்டது. எமக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு எந்திரத்தை எடுப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். தெருவெல்லாம் வெண்புகை, சட்டையிலும் சோற்றிலும் அந்த மணம். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகத் தாழ்ந்தது. பெற்றோலுக்கென்று வைத்த பொறிநேரத்தில் அதனை ஓட்டினால் எந்திரம் அலறும்.

எம் ஒழுங்கையின் முடிவில் ஒரு கராச் இருந்தது. நடத்தியவரை ஊரே 'அண்ணை' என்றழைத்தது. அவரிடம் மானியுமில்லை, கணனியுமில்லை. பொறி பகிரும் கருவியைத் தளர்த்தி மயிரிழை மயிரிழையாய்த் திருப்புவார். எங்களூரில் ஏற்றம் இல்லையாகையால், சுமையேற்றுவதற்கு ஒழுங்கைப் பிள்ளைகளாகிய எம்மிற் நாலைந்து பேரை ஏற்றி வண்டியை ஓடச் செய்து, தாம் அருகே சைக்கிளில் வந்து காது கொடுத்துக் கேட்பார். பிறகு நிறுத்தி மறுபடி திருப்புவார். ஒருநாள், ஒரே ஆண்டில் வந்த இரண்டு மொறிஸ் மைனர்கள் பக்கத்திற் பக்கமாய் நின்றன. அதற்கு வைத்த இடத்திலேயே இதற்கும் வைத்தாலென்ன என்று கேட்டோம். "அது வேற, இது வேற, தம்பி. அதின்ரை பிஸ்டன் தேஞ்சது" என்றார். மிருதங்கத்திற்கு வீட்டிலிருந்தே சுருதி சேர்த்துவிட்டுக் கச்சேரிக்குப் போக முடியாது. மண்டபத்தின் ஈரத்தையும் பாடுவோர் சுருதியையும் அறிந்த பின்னரே கல்லும் கட்டையும் எடுப்பர். அண்ணை செய்ததும் அதுவே.

ஆகவே எம் மாணாக்கனுக்குச் சொன்னோம்: சிப் எழுதியவருக்கு உன் வண்டியின் பெயர் தெரியும்; உன் வண்டியைத் தெரியாது. கொழும்புக்குப் போ. ஆனால் வலுவைக் கூட்டும்படி முதலிற் கேளாதே. எந்திரம் எப்படியிருக்கின்றது என்று அளக்கும்படி கேள். தாயாருக்கு வேறு மறுமொழி சொல்ல வேண்டியிருந்தது. ஆசையை விடச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. தெருவில் வேகமாய் ஓடுவதில்லை, மூடிய மலைப்பாதையில் மட்டுமே என்று அவனிடம் வாக்கு வாங்கித் தருவதாகச் சொன்னோம். அவர் முழுதும் நம்பினதாகத் தெரியவில்லை.

கொழும்பிலிருந்தவர் பொறுமைசாலி. வண்டியை உருளைமேல் ஏற்றுமுன் நான்கு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளந்தார். மூன்றில் 150 இறாத்தலுக்குக் கிட்ட, நான்காவதில் 115. "இதற்கு இப்போது கணக்கெழுத மாட்டேன், திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்" என்று திருப்பியனுப்பினார். வந்த வேலையைச் செய்து காசை வாங்கிக்கொள்வது அவருக்கு எளிதாய் இருந்திருக்கும். திறந்தபோது பிஸ்டனொன்றின் வளையம் தங்கும் மேடு வெடித்திருந்தது. அந்நிலையில் முன்தள்ளிய சிப்பை இட்டிருந்தால் முதலாவது நீண்ட ஏற்றத்திலேயே கதை முடிந்திருக்கும். எந்திரம் பிரித்துக் கோக்க ஐந்து மாதமும், சேமிப்பின் எஞ்சிய பகுதியும் போயின. அவ்வாண்டு மலையேற்றமும் தவறிற்று.

பின்னர் உருளைமேல் ஒரு முழுநாள். பெற்றோல் 95 உடனேயே வரச் சொல்லியிருந்தார். எந்திரத்தின் உடலிலே ஒலிவாங்கி பொருத்திக் காதிற் கேட்டுக்கொண்டே, பாகை பாகையாக முன்தள்ளி, முதற் சலசலப்புக் கேட்டதும் பின்வாங்கிக் கட்டங்கட்டமாய் எழுதினாராம். புகைக்குழாயிற் காற்றுக்கும் பெற்றோலுக்குமுள்ள விகிதத்தை இன்னொரு கருவி சொல்லிக்கொண்டிருந்தது. முழுப் பாரத்தில் 14.7 இற்கு 1 என்ற பாடநூற் கணக்கு டேர்போவுக்கு ஆகாது. வெப்பந் தணிய இன்னும் கூடுதலாய்ப் பெற்றோல் வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திற்கு 1,868 மீற்றர் மேலே. காற்றமுக்கம் இங்கிருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. அங்கே அதே அமுக்கத்தைத் தர டேர்போ இன்னும் வேகமாய்ச் சுழலும், காற்று இன்னும் சூடேறும். அதற்காக மேற்கட்டங்களிற் சற்று இடைவெளி விட்டதாகவும், மலையில் ஓடிய பதிவைத் தமக்கு அனுப்பினால் மீண்டும் பார்த்துத் தருவதாகவும் சொல்லியனுப்பினார்.

சிப் விளம்பரம் சொன்னது 330 குதிரைவலு. உருளை காட்டியது சக்கரத்தில் 238. ஒன்று எந்திரத்தில் அளப்பது, மற்றது சக்கரத்தில் அளப்பது, இரண்டையும் ஒப்பிடலாகாது என்று நாம் விளக்கியும் மாணாக்கனின் முகம் முழுதும் மலரவில்லை. ஓட்டிப் பார்த்தபின் மலர்ந்தது. தாயார் இன்னும் அவ்வண்டியில் ஏறவில்லை. எனினும் எண்ணெய்த் தொட்டி மூடியின் உட்புறத்திலே, தம் கையெழுத்தில் '95 மட்டும்' என்று எழுதி ஒட்டியவர் அவரே. வண்டியைக் கழுவும் பையன் அதனை இருமுறை உரித்துவிட்டான். இருமுறையும் மறுபடி எழுதி ஒட்டியிருக்கிறார்.