எந்த யோகா உங்களுக்கு ஏற்றது? பாலிக் புலாவில் ஒரு காலை

தெலுக் கும்பாரைத் தாண்டி கெந்திங் மலைச்சாலையில் ஏறி இறங்கினால் பினாங்குத் தீவின் பாலிக் புலாவ். ஜாதிக்காயும் கிராம்பும் டுரியானும் விளையும் ஊர். இங்கே ஒரு பொது மண்டபத்தில் ஞாயிறு காலை, யோகா பழக நினைப்பவர்களுக்கு அறிமுக வகுப்பு நடக்கிறது. சிவானந்தா, அஷ்டாங்கா, ஐயங்கார், யின் என்று விளம்பரங்களில் வரும் பெயர்களைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்களுக்கு, நான்கையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்க்க ஒரு வாய்ப்பு. நானும் ஒரு பாயை விரித்து உட்கார்ந்தேன்.

தமிழரும் சீனருமாக மண்டபம் நிறைந்திருந்தது. ஓய்வுபெற்றவர்கள் ஒரு பக்கம், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் இளைஞர்கள் ஒரு பக்கம். ஆசிரியை ஒவ்வொரு பாயாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தார். "எங்க வலிக்குது? ராத்திரி நல்லா தூக்கம் வருதா? என்ன மருந்து சாப்பிடுறீங்க?" எல்லாரிடமும் கேட்டு முடித்த பிறகுதான் வகுப்பே தொடங்கியது.

முதலில் சிவானந்தா முறை. சவாசனத்தில் படுத்து உடம்பைத் தளர்த்தி, மூச்சுப் பயிற்சி, சூரிய நமஸ்காரம், அதன்பின் அடிப்படை ஆசனங்கள். நடுநடுவே மறுபடியும் சவாசனம். முழு வரிசையில் பன்னிரண்டு ஆசனங்கள் உண்டு; முதலாவது சிரசாசனம். இரத்த அழுத்தம், கண் அழுத்தம் உள்ளவர்களுக்குத் தலைகீழ் நிலைகள் ஆகாது என்று சொல்லி, புதியவர்கள் யாரையும் ஆசிரியை அதைச் செய்ய விடவில்லை.

இந்த முறைக்குப் பெயர் கொடுத்தவருக்கும் மலேசியாவுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1887இல் பத்தமடையில் பிறந்த குப்புசாமி, 1913இல் மலாயாவுக்கு வந்து சிரம்பான் பக்கத்திலும் பிறகு ஜொகூர் பாருவிலும் மருத்துவராக இருந்தார். 1923இல் இந்தியா திரும்பி, மறு ஆண்டு துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார். 1936இல் ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். பன்னிரண்டு ஆசன வரிசையை உலகெங்கும் பரப்பியவர் அவருடைய சீடர் சுவாமி விஷ்ணுதேவானந்தர். நோயாளிகளைப் பார்த்துப் பழகிய ஒரு மருத்துவரின் வழியில் வந்த முறை என்பதை நினைத்துக்கொண்டு செய்தால், அந்த நிதானத்தின் அருமை புரிகிறது.

அடுத்து அஷ்டாங்கா. ஆசனங்களின் வரிசை மாறாது; ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு மூச்சு. கை உயர்த்தும்போது உள்ளிழுத்து, குனியும்போது வெளிவிட்டு, கால்களைப் பின்னுக்குத் தள்ளி, உடம்பைக் கைகளில் தாங்கி இறக்கி, மீண்டும் எழ வேண்டும். சில சுற்றுகளிலேயே சட்டை நனைந்துவிட்டது. இளைஞர்கள் முகத்தில் உற்சாகம். மணிக்கட்டிலும் தோளிலும் வலி உள்ளவர்களை ஆசிரியை பாதியிலேயே உட்காரச் சொல்லிவிட்டார்.

மூன்றாவதாக ஐயங்கார் முறை. எனக்கு முன்னால் முட்டிவலிக்கார ஆன்டி ஒருவர். திரிகோணாசனத்தில் தரையைத் தொட்டே தீருவது என்று குனிந்தார். இடுப்பு பின்னால் தள்ளியது, நெஞ்சு தரையைப் பார்த்துக் கவிழ்ந்தது, மூச்சு அடைத்தது. ஆசிரியை அவரைச் சுவரோரம் நிறுத்தி, காலருகே ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு, அதன்மேல் கையை ஊன்றச் சொன்னார். "தரையைத் தொடுறது முக்கியமில்ல ஆன்டி. நெஞ்சு விரியட்டும், மூச்சு வரட்டும்." முதுகு சுவரில் படிந்தது, தோள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன, மூச்சு சீரானது. "இப்ப முட்டி இழுக்கல" என்றார் ஆன்டி. நாற்காலி, கட்டை, பட்டை, கயிறு என்று துணைக்கருவிகளைப் புகுத்திய பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014), சிறுவயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று அவதிப்பட்டவர். பலவீனமான உடம்பின் கஷ்டம் அவருக்குத் தெரியும்.

ஓட்டமாய் ஓடும் அஷ்டாங்காவைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸும் நிறுத்தி நிதானமாகத் திருத்தும் ஐயங்காரும் ஒரே குருவின் மாணவர்கள். 1930களில் மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்திய கிருஷ்ணமாச்சாரியார்தான் அவர். பின்னாளில் சென்னைக்குக் குடிவந்து, வருபவரின் வயதையும் நோயையும் பார்த்துத் தனித்தனியாகப் பயிற்சி வகுத்துக் கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தை நிறுவி அந்த வழியை வளர்த்தார். ஒரே குரு ஆளுக்கு ஏற்றபடி கற்பித்திருக்கும்போது, நாம் பெயரைப் பார்த்துப் பாணியைத் தேர்ந்தெடுப்பது சரியாகாது.

கடைசியில் யின். உட்கார்ந்தும் படுத்தும் ஒரே நிலையில் மூன்று முதல் ஐந்து நிமிடம் தளர்ந்து இருக்க வேண்டும். நாளெல்லாம் ஓடுகிறவர்களுக்கு இது நல்ல மருந்து. மூட்டு அளவுக்குமீறி வளைபவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

வகுப்பில் மந்திரம் உண்டா என்பதும் இந்த நாட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். வழிபாடும் மந்திரமும் கலந்த யோகா முஸ்லிம்களுக்கு ஆகாது என்று 2008இல் தேசிய ஃபத்வா மன்றம் அறிவித்தது. ஓங்காரம் சொல்லப்போவதை ஆசிரியை முன்கூட்டியே எல்லாருக்கும் தெரிவித்தார். விருப்பமில்லாதவர்கள் மௌனமாக இருந்தார்கள்.

நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தூக்கமின்மையும் படபடப்பும் இருந்தால் சிவானந்தாவில் தொடங்குங்கள். முட்டி, முதுகு, கழுத்து வலியா? மருத்துவரைக் கேட்டுவிட்டு ஐயங்கார் வகுப்புக்குப் போங்கள். மேசை வேலை பார்க்கும் எனக்கும் அதுதான் பொருந்தியது. உடம்பில் தெம்பும் ஒழுங்காகத் தொடரும் மனமும் இருந்தால் அஷ்டாங்கா. வகுப்பு முடிந்து எழும்போது மூச்சு சீராகவும் மனம் தெளிவாகவும் இருந்தால் தேர்வு சரி. மறுநாள் மூட்டு குத்தினால் மாற்றிக்கொள்ளுங்கள். பாணி எதுவானாலும், முதல் நாளே உங்கள் உடம்பைப் பற்றி விசாரிக்காத ஆசிரியரிடம் மாதக்கணக்கில் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.