கருங்கண்ணாடியும் கொட்டியாரக் குடாவும்

மூதூர் இறங்குதுறையில் நின்று வடக்கே நோக்குவோர்க்குக் கொட்டியாரக் குடாவின் நீர்ப்பரப்புக்கு அப்பால் திருகோணமலைக் குன்றுகள் நீலக் கோடாகத் தோன்றும். மகாவலி கங்கை தன் நெடும்பயணத்தை முடித்துக்கொள்வது இக்குடாவிலேயே. 1659ஆம் ஆண்டு புயலிலே பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் ஒதுங்கியதும் இங்கேதான். அதில் வந்து கண்டியரசனின் கைதியான றொபேட் நொக்ஸ் 1679 வரை இத்தீவை விட்டு நீங்க இயலாதவனானான். இக்கடலையே, விடுமுறைக்கு ஊர் திரும்பிய பல்கலைக்கழக மாணவன் ஒருவன் கருங்கண்ணாடி ஒன்றினூடாக நோக்கத் தலைப்பட்டான்.

அக்கண்ணாடி கமராவின் வில்லைமீது திருகிப் பொருத்தப்படுவது. நிறங்களை இயன்றவரை மாற்றாது ஒளியின் அளவை மாத்திரம் குறைப்பது அதன் தொழில். அவன் வைத்திருந்தது பத்துப் படிகள் குறைக்கும் வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு படியும் ஒளியைப் பாதியாக்குமாதலின், ஆயிரத்து இருபத்து நான்கில் ஒரு பங்கே உள்ளே புகும். விடியற்பொழுதில் நொடியின் எட்டிலொரு பங்கு போதுமாயிருந்த படத்துக்கு இப்போது 128 நொடிகள் வேண்டும். கண்ணாடியைப் பொருத்தியபின் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. ஆகவே காட்சியை வரையறுத்துக் குவியத்தைச் சரிசெய்து, அது நகராதவாறு பூட்டிய பின்னரே கண்ணாடியைத் திருகுதல் வேண்டும். பின்புறத்துப் பார்வைத்துளையையும் மூடாவிடின் அவ்வழியே ஒளி கசியும். இவற்றையெல்லாம் நூல்கள் சொல்லும். மூதூர் மணல் சொல்லித்தந்தது வேறொன்று: திரும்பும் அலை ஒவ்வொன்றும் முக்காலியின் காலடி மணலை அரித்துச் செல்லும். முதல் மூன்று நாட் படங்களும் அதனாலேயே கெட்டன.

நான்காம் நாள் படம் வாய்த்தது. அலைகள் கரைந்து பனிப்புகையாயின. முகில்கள் வானில் இழைகளாக நீண்டன. 1850களிலே பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞரான குஸ்தாவ் லெ கிறே அலையை உறைய வைக்கப் பெரிதும் பாடுபட்டார்; வானுக்கு ஒன்றும் கடலுக்கு ஒன்றுமாக இரு படத்தகடுகளை இணைத்துப் படம் அச்சிட்டார். அவர் போன்றோர் அரிதின் முயன்று பெற்ற வேகத்தைப் பின்வந்தோர் பணங்கொடுத்து வாங்கிய கண்ணாடியால் மீண்டும் இழப்பது ஒரு வேடிக்கையே.

படத்தை அவன் மாமாவிடம் காட்டினான். அவர் நாற்பது ஆண்டுகள் கரைவலை இழுத்தவர். அன்று காலையும் அதே கரையில், அதே சட்டகத்துள், பன்னிருவரோடு வலைக்கயிறு பற்றி நின்றவர். படத்தில் கரையேற்றிய வள்ளம் இருந்தது. கயிறு கட்டும் முளை இருந்தது. மனிதர் ஒருவரும் இல்லை.

"மருமகன், நாங்க எங்க?" என்றார்.

அசைந்தவர் பதிவதில்லை என்று அவன் விளக்கினான். 1838இல் தாகேர் எடுத்த பாரிஸ் வீதிப் படத்திலும் வண்டிகளும் வழிப்போக்கரும் மறைந்துபோக, சப்பாத்துத் துடைப்பிக்க நின்ற ஒருவனே எஞ்சினான் என்றான். மாமாவுக்குப் பாரிஸ் பொருட்டன்று. "கடல் இப்படிச் சாதுவாக் கிடந்து நான் பார்க்கல்ல" என்று மட்டும் சொன்னார். 2004 டிசம்பர் 26ஆம் நாளைக் கண்டவர் அவர். 2006 ஆகஸ்டில் போர் மூண்டபோது ஊரார் பெருந்தொகையாகக் கந்தளாய் நோக்கி நடந்தனர். மனிதரற்ற மூதூரை எண்ணிப்பார்க்க அவருக்குக் கமரா தேவைப்படவில்லை.

படம் பொய் சொல்லிற்று எனல் பொருந்தாது. 128 நொடிகளில் வந்த ஒளியனைத்தும் அதில் உண்டு. ஓரிடத்தில் இரண்டே நொடி நின்றவனின் ஒளி அறுபத்து நான்கில் ஒரு பங்காய் மணலின் வெளிச்சத்திலே தேய்ந்து கலந்துள்ளது. ஆயினும், உழைப்பவனை அழித்து ஓய்ந்திருப்பதை நிறுத்தும் முறை இது. அழகை நாடுவோர் இதனை நினைவிற் கொள்வது அரிது. அவனும் அதுவரை நினைத்தானல்லன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வலை இல்லை. வள்ளத்தருகே இரண்டு நிமிடம் அசையாது நிற்குமாறு அவன் வேண்ட, மாமா சிரித்துக்கொண்டே சம்மதித்தார். ஒரு கையை வள்ளத்தின் விளிம்பில் ஊன்றி நின்றார். நிமிடம் ஒன்று கழிந்ததும் பெரிய அலையொன்றின் ஓசை கேட்டது. அவர் கடற்பக்கம் திரும்பிவிட்டார்.

படத்திற் கடல் புகையாய்க் கிடந்தது. காலும் கையும் தெளிவாயிருந்தன. முகம் மட்டும் இரண்டு: ஒன்று கமராவை நோக்கியது; மற்றொன்று கடலை நோக்கியது. படம் பழுதென்று அவன் வருந்தினான். மாமா அதனை வெளிச்சத்திலே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"வள்ளத்திர நம்பர் நல்லா விளங்குது" என்றார்.